ஏரிக்கரைப் பிள்ளைகளுக்கு வரும் ஜூனில் என்ன பாடம்?

காஞ்சிபுரத்தில் வெயில் கொளுத்துகிறது. பகல் பதினொன்றுக்கு மேல் ராஜ வீதியில் நடக்க முடியவில்லை. அதனால்தான் வீட்டில் உட்கார்ந்து இந்த நீளமான பதிவை எழுதுகிறேன். அவசரமில்லை, சாப்பிட்டு முடித்து, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து படியுங்கள்.

வரும் ஜூனில் பள்ளி திறந்ததும், வாலாஜாபாத் பக்கம் ஒரு சின்ன ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் புதிதாகச் சில பாடவேளைகள் நடக்க இருக்கின்றன. அங்கே டீச்சராக இருப்பவள் என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவள். (பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டாள். உங்களில் சிலருக்குத் தெரியும், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும்.) அவள் பள்ளியில் மொத்தம் 41 பிள்ளைகள். அதில் 11 பேர் ஏரிக்கரையில் இருக்கும் இருளர் குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். இந்தப் பிள்ளைகளின் வீட்டையும் வேலையையும் அறிவையும் பாடத்துக்குள் எப்படிக் கொண்டு வருவது என்பதுதான் அவள் என்னிடம் கேட்டது. "மிஸ், நீங்க ரிட்டயர் ஆகி சும்மாதானே இருக்கீங்க" என்றும் ஒரு வார்த்தை சொன்னாள். அது உண்மைதான்.

இருளர் என்றால் நம்மில் பலருக்கு 'ஜெய் பீம்' படம்தான் ஞாபகத்துக்கு வரும். படம் வந்த 2021-க்குப் பிறகு என் பேத்தி வயதுப் பிள்ளைகள்கூட அந்தப் பெயரைச் சொல்கிறார்கள், நல்லதுதான். ஆனால் இருளர் வாழ்க்கை என்றால் காவல் நிலையமும் கண்ணீரும் மட்டும்தான் என்று ஆகிவிடக்கூடாது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பழங்குடியினர் ஏறக்குறைய 7.95 லட்சம் பேர். அதில் இருளர் சுமார் 1.9 லட்சம். நீலகிரி, கோவைப் பக்கத்து மலைகளில் இருக்கிறவர்கள் ஒரு வகை. நம் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர், விழுப்புரம் பக்கம் ஏரிக்கரைகளிலும் வயல் ஓரங்களிலும் இருப்பவர்கள் சமவெளிக்காரர்கள், நம்மைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள். காஞ்சிபுரத்தில் பட்டு வாங்க வருகிற பேருந்தின் ஜன்னலிலிருந்து பார்த்தால்கூட அந்தக் குடிசைகள் தெரியும். பழங்குடி என்றால் மலை மேல் இருப்பார்கள், இலை கட்டிக்கொண்டு ஆடுவார்கள் என்று ஸ்டேஷனரி கடை சார்ட்டில் ஒரு படம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தச் சார்ட் அவள் வகுப்புச் சுவரிலும் தொங்கியது. அதற்குக் கீழேயே ஓர் இருளர் பையன் உட்கார்ந்திருந்தான். அந்தப் படத்துக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. முதல் வேலையாக அதைக் கழற்றச் சொன்னேன்.

இந்த நேரத்தில் இன்னொரு பக்கத்திலிருந்தும் எனக்கு உதவி கிடைத்தது. என் அண்ணன் மகள் மெல்போர்னில் தொடக்கப் பள்ளி ஆசிரியை என்பது சொந்தக்காரர்களுக்குத் தெரியும். ஆஸ்திரேலியாவில் பள்ளி ஆண்டு ஜனவரிக் கடைசியில் தொடங்கும். டிசம்பர் விடுமுறையில் அவள் உட்கார்ந்து தயாரிக்கிற பாடங்களில், அந்த நாட்டுப் பூர்வகுடி மக்களின் பார்வையும் வரவேண்டும். எல்லாப் பாடத்திலும் அது ஊடாக வரவேண்டும் என்று அவர்களுடைய தேசியப் பாடத்திட்டமே சொல்கிறது. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்த கொடுமைக்காக 2008 பிப்ரவரி 13 அன்று அந்த நாட்டுப் பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார்.

அவளிடம் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசினேன். "அத்தை, மூணு விஷயத்த மட்டும் மறந்துடாதீங்க" என்றாள். வகுப்பில் இருக்கிற பூர்வகுடிப் பிள்ளையை எழுப்பி 'உங்கள் ஆட்களைப் பற்றிச் சொல்' என்று கேட்கக்கூடாது. அந்தச் சமூகத்துப் பெரியவர்களிடம் முதலில் கேட்டுவிட்டுத்தான் பாடம் எழுதவேண்டும், எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்பது அவர்கள் முடிவு. பெரியவரை வகுப்புக்கு அழைத்தால் அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுக்கவேண்டும், பொன்னாடை போர்த்தி அனுப்பினால் போதாது. இதில் மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நம் ஊரில் பொன்னாடையோடு முடித்துவிடுவோம்.

இன்னொன்றும் காட்டினாள். மெல்போர்ன் இருக்கும் நிலம் வுருன்ஜெரி மக்களுடையது. அவர்கள் சார்ந்த கூலின் மக்களுக்கு வருஷத்தில் ஏழு பருவங்கள். வெள்ளைக்காரர் கொண்டுவந்த நான்கு பருவங்கள் அந்த மண்ணுக்குப் பொருந்தாதவை. மார்ச் மாதம் என்றால் அவர்களுக்கு விலாங்கு மீன் பருவம். எந்தப் பூ பூக்கிறது, எந்த உயிர் எங்கே நகர்கிறது என்பதை வைத்துப் பருவத்துக்குப் பெயர். அந்த அட்டவணையை அவள் வகுப்பில் வட்டமாக வரைந்து ஒட்டியிருக்கிறாள். அதைப் பார்த்ததும் என் மண்டைக்குள் மணி அடித்தது.

நம் பாடத்திலும் கோடை, மழை, குளிர் என்று எழுதிப் போடுகிறோம். ஆனால் காஞ்சிபுரத்துப் பிள்ளைக்கு வருஷம் அப்படியா போகிறது? பிள்ளையார்பாளையத்தில் வளர்ந்த எனக்குத் தெரியும். முகூர்த்த மாதம் வந்தால் தறிக்கு ஓய்வில்லை. ஆடியில் சத்தம் குறையும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவார்கள், ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் அந்த வேலை நின்றுவிடும், வீட்டில் அடுப்பும் யோசிக்கும். கோர்வைப் புடவைக்குக் கரைப் பக்கத்து நாடாவைப் போட இன்னொரு கை வேண்டும், அந்தக் கை அந்தக் காலத்தில் பள்ளிக்கு வரவேண்டிய கையாக இருந்தது. என் வகுப்பிலேயே முகூர்த்த மாதங்களில் வருகை குறையும். வாலாஜாபாத் பக்கத்து விவசாயிப் பிள்ளைக்கு வருஷம் என்றால் சொர்ணவாரி, சம்பா, நவரை. அப்படியானால் இருளர் பிள்ளைக்கு?

அதைக் கேட்கத்தான் குடியிருப்புக்குப் போனோம். முதல் நாள் யாரும் பேசவில்லை. ஏதோ கணக்கெடுக்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார்கள். இரண்டாவது முறை போனபோது ஓர் ஆயா பேசினார். வயது கேட்டால் "அந்தப் பெரிய புயலுக்கு முன்னாடியே பொறந்தேன்" என்றார், எந்தப் புயல் என்று சொல்லவில்லை. அவர் பேரன்தான் அந்தச் சார்ட்டுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவன்.

ஆயா சொன்ன வருஷத்தை நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். முதல் மழை விழுந்தால் ஈசல். புற்றைப் பார்த்தே இன்றைக்குக் கிளம்புமா, நாளைக்கா என்று சொல்லிவிடுவாராம். மழை நின்று ஏரியில் தண்ணீர் ஏறினால் மீனும் நண்டும். தை அறுவடை முடிந்தால் வயல் வரப்பில் எலி வளை. வளையின் ஒரு வாயை அடைத்து, மறு வாயில் பானையில் புகை மூட்டி ஊதிப் பிடிப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்து வைத்திருக்கும் நெல்லையும் எடுத்துக்கொள்வார்கள், சில வளையில் மரக்கால் கணக்கில் இருக்குமாம். விவசாயிக்கு எலித் தொல்லை போகும், இவர்களுக்கு நெல். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரை. எல்லா ஊரிலிருந்தும் இருளர்கள் வந்து கூடி, மணலிலேயே தங்கி, கன்னியம்மனை வணங்கிவிட்டு வருவார்கள். பெண் பார்ப்பது, கல்யாணம், காதுகுத்து எல்லாம் அங்கேயே நடக்கும்.

"அப்புறம் என்ன ஆயா, பங்குனி சித்திரையில?" என்று கேட்டேன்.

"அப்புறம் இன்னா, சூளைதான்" என்றார்.

நான் எழுதுவதை நிறுத்திவிட்டேன். செங்கல் சூளைக்கு மழைக்காலம் முடிந்ததும் போனால், அடுத்த மழை வரும் வரை அங்கேதான். குடும்பத்தோடு போவார்கள், பிள்ளையும் கூடவே போகும். அவள் வருகைப் பதிவேட்டைப் பிறகு புரட்டிப் பார்த்தோம். பொங்கல் விடுமுறை முடிந்த மறுநாளிலிருந்து அந்த 11 பேரில் 6 பேருக்கு வரிசையாக 'வ' இல்லை. பதிவேட்டில் அது 'நீண்ட நாள் வராதவர்' என்று இருக்கிறது. ஆயாவின் வருஷக் கணக்கில் அதற்குப் பெயர் சூளை. இரண்டும் ஒரே மாதங்கள்தான்.

சூளை என்றால் வெறும் வேலை இல்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். முன்பணம் வாங்கிக்கொண்டு போவார்கள், ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி, அதில் முன்பணம் கழியும், முழுதாகக் கழிவதற்குள் காய்ச்சலோ கல்யாணமோ வந்துவிடும். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-இல். ஆனால் 2019 ஜூலையில்கூட நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலும் வேலூர் மாவட்டத்திலும் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர்கள் 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்த படம் பத்திரிகைகளில் வந்ததே, அது நம் மாவட்டத்துச் செய்தி.

ஆயாவின் பேரனைப் பற்றி டீச்சர் சொன்னது: பெருக்கல் வராது. ஆனால் அன்றைக்கு அவன் எங்கள் முன்னால் நின்றுகொண்டு, அப்பா அறுத்த கல் எத்தனை, கழிந்தது எவ்வளவு, மீதி எவ்வளவு என்று விரல்கூட மடக்காமல் சொன்னான். அவளுக்கு உடனே ஆசை வந்துவிட்டது. "மிஸ், இதையே கணக்குப் பாடமா வச்சுடலாமா?" வேண்டாம் என்றேன். ஒரு வீட்டுக் கடனைக் கரும்பலகையில் எழுதி மற்ற 40 பிள்ளைகள் போட்டுப் பார்க்கக்கூடாது. அவனுக்குத் தனியாக உட்கார்ந்து, உனக்குத் தெரிந்ததுதான் பெருக்கல், இதோ இப்படி எழுதவேண்டும் என்று காட்டினால் போதும். வகுப்புக்கு வேறு கணக்கு இருக்கிறது. வளையில் இரண்டு மரக்கால் நெல், மூன்று பேர் பங்கு போட்டால் ஆளுக்கு எத்தனை படி? (மரக்கால், படி எல்லாம் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரவும் ஒரு சாக்கு.)

ஆயா எங்களுக்கு வேண்டாம் என்று சொன்னவையும் உண்டு. கன்னியம்மன் பூசையைப் பாடமாக நடத்த வேண்டாம், "அது எங்க வூட்டுக்குள்ள இருக்கட்டும் டீச்சரம்மா" என்றார். மாசி மகக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லலாம், பூசையைப் பற்றிப் பேச வேண்டாம். மெல்போர்னில் சொன்னதும் இதேதான், சில கதைகளைச் சொல்லும் உரிமை எல்லோருக்கும் கிடையாது. எலி பிடிப்பதைச் சொல்லலாமா என்று கேட்டதற்கு நெடுநேரம் பேசாமல் இருந்தார். "புடிக்கறத சொல்லுங்க. துன்றத சொன்னா பசங்க சிரிப்பாங்க" என்றார். அதுவும் நோட்டில் ஏறியது.

பாம்பு பற்றி அவரே ஆரம்பித்தார். இதில் நானும் கொஞ்சம் படித்து வைத்திருந்தேன். ஒரு காலத்தில் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அந்த வியாபாரம் நின்றது, பிழைப்பும் போனது. ரோமுலஸ் விட்டேக்கர் போன்றவர்களின் முயற்சியோடு 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போனவர்கள் அதைப் பார்த்திருக்கலாம், அந்த வளாகத்திலேயேதான் இருக்கிறது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் என்று நான்கு வகை. பிடித்து வந்த பாம்பை மண்பானையில் துணி கட்டி மூன்று நான்கு வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்து, அடையாளம் செய்து, திரும்ப விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து விஷமுறிவு மருந்து தயாராகிறது. நாட்டில் இந்த மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதி இருளர்கள் எடுத்துக் கொடுப்பதுதான். நம் வீட்டில் யாரையாவது பாம்பு கடித்து அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுப் பிழைத்திருந்தால், எங்கோ ஓர் இருளர் வளையில் கை விட்டிருக்கிறார் என்று பொருள்.

செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்ததும் இதனால்தான். 2017-இல் இவர்களை அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குக் கூப்பிட்டார்கள். அங்கே பெருகிப்போன பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க. இயந்திரத்தோடு தேடுகிறவர்கள் திணறிய இடத்தில் இவர்கள் தடத்தைப் பார்த்தே பிடித்தார்கள். இந்தக் கதையை ஆயாவிடம் சொன்னேன். தெரியுமே என்பது போலத் தலையாட்டினார். அவர் நிபந்தனை ஒன்றுதான். "பாம்பைப் பத்தி நல்லா சொல்லுங்க. ஆனா என் பேரன எழுப்பி நிக்க வெச்சு சொல்லாதீங்க. அப்புறம் அவன் பேரே பாம்புன்னு ஆயிடும்."

பாம்புக்கடிக்கு மூலிகை கேட்டால் அவரே கையை ஆட்டி மறுத்துவிட்டார். "கடிச்சா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பச்சிலை அரைச்சிக்கினு உக்காரக்கூடாது." இதைப் பாடத்தில் அப்படியே அவர் சொன்னதாகவே வைக்கப் போகிறோம். நான் சொன்னால் பிள்ளைகள் கேட்பதைவிட அவர் சொன்னால் கேட்பார்கள். கடித்த இடத்தைக் கீறக்கூடாது, கடித்த காலை ஆட்டக்கூடாது, 108-க்குப் போன் செய்யவேண்டும் என்பதும் சேரும்.

இப்போது பாடத் திட்டம் ஓரளவு கைக்கு வந்திருக்கிறது. வகுப்பில் யாரையும் தனியாகக் காட்டாமல், எல்லாப் பிள்ளைகளும் தங்கள் வீட்டு வருஷத்தை ஒரு வட்டத்தில் வரைவார்கள். தறி வீடு, வயல் வீடு, ஏரிக்கரை வீடு, ஒரகடம் கம்பெனிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போகிற அப்பா வீடு. எல்லாம் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டப்படும். பிறகு புற்று, ஏரி, வயல், பாம்பு என்று சூழ்நிலையியல் பாடங்களில் ஆயா சொன்னவை வரும். ஆயா மூன்று நாள் வகுப்புக்கு வருவார். மூன்று நாள் கூலி கொடுக்கவேண்டும். பள்ளிக் கணக்கில் அதற்குத் தலைப்பு இல்லையாம். என் ஓய்வூதியத்தில் தலைப்பு இருக்கிறது, அதனால் அந்தப் பிரச்சினை முடிந்தது.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டபோது என் தம்பி முறை ஒருவர், "பிள்ளைங்க எல்லாம் ஒண்ணுதானே அக்கா, எதுக்கு இன்ன சாதி இன்ன குலம்னு பிரிச்சுப் பேசணும்?" என்று கேட்டிருந்தார். அவர் நல்ல மனசோடுதான் கேட்டார். ஆனால் தம்பி, நம் வீட்டுப் பிள்ளைக்குப் பாடப் புத்தகத்தில் அவன் தெரு இருக்கிறது, அவன் கோயில் இருக்கிறது, அவன் பட்டு இருக்கிறது. ஏகாம்பரநாதர் கோயிலில் அறுபத்து மூவர் வரிசையில் நிற்கும் கண்ணப்பரும் வேடர்தான், அவருக்குக் கும்பிடு போடுகிறோம். ஏரிக்கரையிலிருந்து வருகிறவன் பக்கத்தில் உட்கார்ந்தால் தட்டை நகர்த்துகிறார்கள். சத்துணவு வரிசையில் நான் நேரிலேயே பார்த்தேன். நாம் பேசாமல் இருப்பதால் அந்தத் தட்டு பழைய இடத்துக்கு வந்துவிடாது.

சூளை விஷயத்துக்கு என்னிடம் முழு விடை இல்லை. சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, இடம் பெயர்ந்த பிள்ளையைச் சூளைக்குப் பக்கத்துப் பள்ளி சேர்த்துக்கொள்ள வேண்டும், மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்று திருப்பி அனுப்பக்கூடாது. ஆனால் பிள்ளை அங்கே போய்ச் சேர்ந்தது என்று யாராவது சொல்லவேண்டுமே. ஆகவே டிசம்பரிலேயே எந்தக் குடும்பம் எந்தச் சூளைக்குப் போகிறது என்று அவள் குறித்துக்கொண்டு, அந்த ஊர்த் தலைமையாசிரியரிடம் போனில் பேசிவிடுவது என்று வைத்திருக்கிறோம். இரண்டு பிள்ளைகளை ஆயா தன்னோடு நிறுத்திக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார், அரிசிக்கு வழி இருந்தால்.

உங்களிடம் கேட்க வேண்டியது சில உண்டு. அந்த 11 பேரில் 7 பேருக்குப் பழங்குடியினர் சான்றிதழ் இல்லை. அது கோட்டாட்சியர் கையெழுத்தில் வரவேண்டியது. வருவாய்த் துறையில் இருக்கும் என் மாணவர்கள் யாராவது, விண்ணப்பத்தோடு என்னென்ன வைக்கவேண்டும், விசாரணைக்கு யார் வருவார்கள் என்று எனக்குப் புரியும்படி எழுதி அனுப்புங்கள். சிபாரிசு வேண்டாம், வழிமுறை போதும். வாலாஜாபாத், ஸ்ரீபெரும்புதூர், உத்திரமேரூர் பக்கம் பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள் உங்கள் பள்ளிக்குப் பக்கத்தில் சூளை இருக்கிறதா என்று சொல்லுங்கள். படம் வரையத் தெரிந்தவர்கள் இருந்தால், அந்தக் கழற்றிய சார்ட்டின் இடம் காலியாகவே இருக்கிறது. ஏரிக்கரையை நேரில் பார்த்து வரைந்து தரவேண்டும், கூகுளில் பார்த்து வரையக்கூடாது.

கருட சேவைக்கு முந்தைய சனிக்கிழமை மறுபடி ஆயாவைப் பார்க்கப் போகிறோம், புற்றுகளைக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் காலை ஆறரைக்கு. வருகிறவர்கள் செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள், கரை முழுக்கக் கருவேல முள்.